அமெரிக்க லிபரல்களும் கென்ட் ரிட்ஜும்

நம் பல்கலைக்கழகம் குவீன்ஸ்டவுன் வட்டாரத்திற்குள் இருக்கிறது என்று சொன்னால் பல மாணவர்கள் நம்புவதில்லை. குவீன்ஸ்டவுன் என்றதும் மார்கரெட் டிரைவ், தங்ளின் ஹால்ட், பழைய வீவக அடுக்குமாடிகள், உணவங்காடி நிலையம் ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நகரச் சீரமைப்பு ஆணையத்தின் திட்ட வரைபடத்தில் கென்ட் ரிட்ஜ், டோவர், ஒன்-நார்த் எல்லாமே குவீன்ஸ்டவுன்தான். எனவே 2013 முதல் 2025 வரை இங்கு இயங்கிய யேல்-என்யுஎஸ் கல்லூரியும் குவீன்ஸ்டவுனின் கல்லூரியே. அமெரிக்காவின் இடதுசாரி அரசியல், செய்தி ஊடகம், பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் பற்றி அந்நாட்டுப் பழமைவாதிகள் பல ஆண்டுகளாக ஒரு விமர்சனம் வைத்து வருகிறார்கள். சிங்கப்பூரின் தலைவர்களும் ஏறக்குறைய அதே காலத்தில் அதை ஒத்த ஒரு விமர்சனத்தை வைத்தார்கள். இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதற்கு நம் வளாகத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இடது, வலது என்ற பிரிவு 1789ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்றத்தில் உறுப்பினர்கள் அமர்ந்த வரிசையிலிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியும். தமிழில் இடதுசாரி என்றால் நமக்குத் தோன்றுவது தொழிற்சங்கம், செங்கொடி, நில உச்சவரம்பு. அமெரிக்காவில் அந்தச் சொல் அப்படிப் பயன்படுவதில்லை. அங்கே லிபரல் என்றாலே பொதுப்பேச்சில் இடதுபக்கம் சாய்ந்தவர் என்றுதான் பொருள். அதே சொல்லை நாம் தாராளவாதி என்று மொழிபெயர்த்தால், அரசு தலையிடாத சந்தையை ஆதரிப்பவர் என்ற நேர்மாறான பொருளும் வந்து சேர்கிறது. பழமைவாதி என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கப் பழமைவாதிகளில் ஒரு சாரார் குடும்பம், தேவாலயம், ஒழுக்கம் ஆகியவற்றைக் காக்க விரும்புகிறார்கள். இன்னொரு சாரார் அரசின் கையிலிருந்து தனிமனிதனைக் காக்க விரும்புகிறார்கள். முதல் சாராருக்குச் சிங்கப்பூர் பிடிக்கும், இரண்டாம் சாராருக்குப் பிடிக்காது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல முரண்பாடுகள் புரியும்.

அமெரிக்காவில் இந்த விமர்சனத்தின் தொடக்கத்தைத் தேடிப்போனால் யேல் பல்கலைக்கழகத்தில்தான் போய் நிற்க வேண்டும். 1950ல் அங்கு பட்டம் பெற்ற வில்லியம் பக்லி, மறு ஆண்டே தம் பல்கலைக்கழகத்தைத் தாக்கி ஒரு நூல் வெளியிட்டார். யேலின் பேராசிரியர்கள் கிறிஸ்தவ நம்பிக்கையையும் தனியார் தொழில் முறையையும் வகுப்பறையில் அரித்துவிடுகிறார்கள், பணம் கொடுக்கும் முன்னாள் மாணவர்களுக்கு இது தெரியவில்லை என்பது அவர் வாதம். அப்போது அவருக்கு வயது 25. பத்திரிகை பக்கம் அதே குரலை ஓங்கி ஒலித்தவர் நிக்சனின் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியு. 1969 நவம்பரில் அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் பேசிய அவர், யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத ஒரு சிறு கூட்டம் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உட்கார்ந்துகொண்டு நாட்டு மக்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறது என்றார். 1987ல் சிகாகோ பேராசிரியர் ஆலன் புளூமின் நூலும், 1991ல் மும்பையில் பிறந்து டார்ட்மத் கல்லூரியில் படித்த தினேஷ் டிசூசாவின் நூலும் பல்கலைக்கழகங்களைக் குறிவைத்தன. பாடத்திட்டத்தில் செவ்வியல் நூல்கள் பின்தள்ளப்படுகின்றன, இனமும் பாலினமும் எல்லாவற்றுக்கும் அளவுகோலாகிவிட்டன, மாற்றுக்கருத்து சொல்லும் மாணவன் வாயடைக்கப்படுகிறான் என்பன குற்றச்சாட்டுகள்.

இதில் ஊடகச் சட்டம் ஒன்றும் பங்கு வகித்தது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்று வானொலி, தொலைக்காட்சி நிலையங்களைக் கட்டாயப்படுத்திய விதி 1987ல் கைவிடப்பட்டது. 1988ல் ரஷ் லிம்போவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுதும் ஒலிபரப்பாகத் தொடங்கியது. 1996ல் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. ஊடகம் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறை சொன்னவர்கள், வலதுபக்கம் சாய்ந்த ஊடகத்தைத் தாமே கட்டிக்கொண்டார்கள். நடுவில் நிற்பவர் யார் என்ற கேள்வி அத்தோடு போயிற்று.

தமிழ் வாசகர்களுக்கு ஓர் உபரித் தகவல். இந்த மரபின் அண்மைக்கால முகங்களுள் ஒருவரான விவேக் ராமசாமி, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து ஓஹையோவுக்குக் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். பெருநிறுவனங்களின் முற்போக்குப் பேச்சைச் சாடி 2021ல் நூல் எழுதினார். 2024 அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட முயன்றார். படித்தது ஹார்வர்டிலும் யேலிலும்! எதிர்த்தரப்பில் நின்ற கமலா ஹாரிஸின் தாயாரும் தமிழர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே நாம் மறந்துவிடுகிற செய்தி, பிற்காலத்தில் மேற்கத்திய இடதுசாரிகளைக் கடுமையாக விமர்சித்தவர்கள் பலரும் இடதுசாரிகளாகவே தொடங்கினார்கள் என்பது. 1953ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சோசலிஸ்ட் மன்றம் அமைந்தது. அதன் இதழான 'ஃபஜாரில்' வந்த ஒரு தலையங்கத்திற்காக 1954 மே மாதம் மாணவர் எட்டுப் பேர் மீது பிரிட்டிஷ் அரசு தேசநிந்தனை வழக்குத் தொடுத்தது. எட்டுப் பேரில் எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, தமிழ்த் தந்தைக்குப் பிறந்த எட்வின் தம்பு ஆகியோர் இருந்தனர். ஜேம்ஸ் புதுச்சேரியும் இருந்தார். லண்டனிலிருந்து வந்த வழக்கறிஞர் பிரிட்டுக்கு உதவியாக வாதாடியவர் இளம் லீ குவான் யூ. அந்த ஆகஸ்ட்டில் எட்டுப் பேரும் விடுதலையாயினர். அதே ஆண்டு நவம்பரில் மக்கள் செயல் கட்சி பிறந்தது. மாணவர் இதழில் எழுதும் உரிமைக்காக நீதிமன்றத்தில் நின்றவர் பின்னாளில் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போட்டார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் 1954க்கும் 1971க்கும் இடையில் கலவரங்களும் மலேசியப் பிரிவும் நடந்திருந்தன. 1963 பிப்ரவரிக் கைதுகளில் புதுச்சேரி உட்படப் பழைய தோழர்கள் பலர் சிறை சென்றதும் அந்த இடைவெளியில்தான்.

1971ல் 'சிங்கப்பூர் ஹெரால்டு' நாளிதழின் உரிமம் பறிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணம் அதன் பின்னால் இருக்கிறது என்பது அரசின் குற்றச்சாட்டு. ஜூன் மாதம் ஹெல்சிங்கியில் அனைத்துலகப் பத்திரிகைக் கழகத்தின் முன்னே லீ குவான் யூ பேசியபோது, நாட்டின் ஒருமைப்பாட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் நோக்கங்களுக்கும் பத்திரிகைச் சுதந்திரம் கீழ்ப்பட்டே இருக்க வேண்டும் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அப்போது கலாசார அமைச்சர் ஜெக் யுன் தோங். அவர் 1963 முதல் 1988 வரை குவீன்ஸ்டவுன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1974ஆம் ஆண்டின் செய்தித்தாள், அச்சகச் சட்டம் அவர் அமைச்சுப் பொறுப்பில் இருந்தபோது வந்ததே. அச்சட்டத்தின் சூட்சுமம் பங்குகளில் இருக்கிறது. நாளிதழ் நிறுவனத்தில் நிர்வாகப் பங்கு என்று ஒரு தனி வகை உண்டு. இயக்குநர்களையும் ஊழியர்களையும் நியமிப்பதிலும் நீக்குவதிலும் அதற்குச் சாதாரணப் பங்கைப்போல் 200 மடங்கு வாக்கு. அதை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும். அதன்பின் பத்திரிகை அலுவலகத்தின் கதவைப் பூட்டுப்போட்டு மூட வேண்டிய தேவையே எழாது. இதைப் பலர் ஒற்றைத் தணிக்கைச் சட்டமாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் உரிமையாளர் சட்டம்.

1976ல் கட்சியே சோசலிஸ்ட் அனைத்துலகத்திலிருந்து வெளியேறியது. விசாரணையின்றித் தடுத்து வைத்தலைச் சாடி டச்சுத் தொழிற்கட்சியினர் கட்சியை நீக்கக் கோரியிருந்தனர். லண்டனில் சிங்கப்பூரின் பதிலை வைத்தவர் தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயர். அவர் தொகுத்த பதில் நூலின் பெயரே சிங்கப்பூர் வழியில் சோசலிசம் பலன் தருகிறது என்று அறிவித்தது. வசதியான நாடுகளில் இருந்துகொண்டு ஏழை நாடுகளுக்குப் புரட்சி போதிக்கும் இடதுசாரிகள் மீது தேவன் நாயருக்கும் எஸ். ராஜரத்தினத்திற்கும் இருந்த எரிச்சல் போலியானதன்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த ராஜரத்தினம் அமைச்சராகும் முன் பேர்பெற்ற பத்திரிகையாளர். காலனி ஆட்சியில் எழுதிப் பழகிய கை அது. பத்திரிகையின் பலத்தையும் பலவீனத்தையும் அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்கப் பத்திரிகைகளோடு நேரடி மோதல் 1986ல் தொடங்கியது. உள்நாட்டு அரசியலில் தலையிடும் வெளிநாட்டு இதழ்களின் விற்பனையைக் குறைக்க அவ்வாண்டு சட்டம் திருத்தப்பட்டது. முதலில் சிக்கியது 'டைம்'. யாழ்ப்பாணத்தில் பிறந்த வழக்கறிஞரும் 1981ல் ஆன்சன் தொகுதியில் வென்று ஆளுங்கட்சியின் தனியாட்சியை உடைத்தவருமான ஜே.பி. ஜெயரத்தினம் தொடர்பான அதன் கட்டுரைக்கு அரசு எழுதிய மறுப்பை முழுமையாக வெளியிட அவ்விதழ் இணங்கவில்லை. 18,000 பிரதிகள் 9,000ஆகவும் பிறகு 2,000ஆகவும் குறைக்கப்பட்டன. 1987ல் 'ஏஷியன் வால் ஸ்திரீட் ஜர்னல்' 5,000 பிரதிகளிலிருந்து 400க்கு இறங்கியது. இதழ் தடைசெய்யப்படவில்லை, நூலகத்தில் படிக்கலாம், நகலெடுத்தும் கொள்ளலாம். விளம்பர வருமானம் மட்டும் போய்விடும். அரசியல் கருத்துக்கு வணிக அபராதம் என்பது உலகுக்குப் புதிய உத்தி.

இதற்குச் சிங்கப்பூர் தந்த விளக்கத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. 1988 ஏப்ரலில் வாஷிங்டனில் அமெரிக்க நாளிதழ் ஆசிரியர்கள் சங்கத்தின் கூட்டத்திலேயே போய் லீ குவான் யூ பேசினார். தடையற்ற பத்திரிகை ஊழலை ஒழிக்கும் என்றால் பிலிப்பீன்ஸில் ஏன் ஒழியவில்லை என்பது அவர் வாதங்களுள் ஒன்று. வெளிநாட்டவர் தொலைக்காட்சி நிலையம் வைத்திருக்க அமெரிக்கச் சட்டமே இடம் தருவதில்லை என்பதையும் சிங்கப்பூர்த் தரப்பு சுட்டிக்காட்டி வந்தது. ரூபர்ட் மர்டாக் 1985ல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு அமெரிக்கரானது அதற்காகத்தான். பதில் சொல்லும் உரிமை கேட்பது தவறா என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் அந்த உரிமை ஆளுங்கட்சிக்கு மட்டும் சட்ட பலத்தோடு வருகிறது. எதிர்த்தரப்பினர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பும் மறுப்புக்கு அப்படி ஒரு சட்டம் துணைநிற்பதில்லை. விளக்கம் சறுக்கும் இடம் அது.

இங்கேதான் நான் முன்னே சொன்ன முரண்பாடு வருகிறது. 'வால் ஸ்திரீட் ஜர்னலின்' தலையங்கப் பக்கம் அமெரிக்காவின் வலதுசாரிக் கோட்டை. சிங்கப்பூரை ஆண்டுக்கணக்காக விடாமல் தாக்கிய 'நியூயார்க் டைம்ஸ்' பத்தி எழுத்தாளர் வில்லியம் சஃபயர், நிக்சனின் உரை எழுத்தாளராக இருந்த பழமைவாதி. அக்னியு ஆற்றிய உரைகளில் சிலவற்றை எழுதியவரும் அவரே! சிங்கப்பூரைக் குறைகூறும் அமெரிக்கர் எல்லாரும் லிபரல்கள் என்று நாம் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆட்களை எண்ணிப் பார்த்தால் கணக்கு அப்படி வருவதில்லை.

1990களில் இந்த வாதம் ஆசிய விழுமியங்கள் என்ற பெயர் பெற்றது. 1991 ஜனவரியில் பகிர்ந்துகொள்ளும் விழுமியங்கள் பற்றிய வெள்ளை அறிக்கை வந்தது. சமூகத்தைவிட நாடு பெரிது, தனிமனிதனைவிடச் சமுதாயம் பெரிது, குடும்பமே அடித்தளம் என்று தொடங்கும் ஐந்து கோட்பாடுகள். 1993ல் கிஷோர் மஹ்புபானி 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், 1960க்குப் பிறகு அமெரிக்க மக்கள்தொகை 41 விழுக்காடு உயர்ந்தபோது வன்முறைக் குற்றங்கள் 560 விழுக்காடு, மணமாகாத தாய்மார்க்குப் பிறந்த குழந்தைகள் 419 விழுக்காடு, மணமுறிவுகள் 300 விழுக்காடு உயர்ந்தன என்று அடுக்கினார். இவ்வெண்களை அந்நாளில் படித்தவர்கள் ஆசியா மேற்கைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். அதே 1993ல் வாஷிங்டனில் வில்லியம் பென்னட் வெளியிட்ட பண்பாட்டுக் குறியீடுகள் தொகுப்பைப் புரட்டினால் அங்கும் அதே 41, அதே 560. பென்னட் ரீகனின் கல்வி அமைச்சராக இருந்தவர், லிபரல் பண்பாட்டைச் சாடிய குடியரசுக் கட்சிக்காரர். ஆக, ஆசியாவின் குரல் என்று ஒலித்ததில் ஒரு பகுதி அமெரிக்கர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டையின் எதிரொலி. இதில் இழுக்கு ஒன்றுமில்லை. கருத்துகள் அப்படித்தான் கப்பலேறிப் பயணம் செய்கின்றன. ஆனால் மேற்கின் கருத்தை இரவல் வாங்குகிறார்கள் என்று பிறரைக் குறைசொல்வதற்கு முன் இதை நினைவில் வைக்கலாம்.

அந்த எண்கள் பின்னர் என்னவாயின என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வன்முறைக் குற்ற விகிதம் 1991ல் உச்சத்தைத் தொட்டு, பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இறங்கிக்கொண்டே வந்து 2014 வாக்கில் பாதிக்கும் கீழே போனது. லிபரல் பண்பாடு அந்தக் காலத்தில் பின்வாங்கிவிடவில்லை. அது அதிகமாகவே பரவியது. குற்றத்திற்கும் பண்பாட்டிற்கும் போட்ட முடிச்சு அவ்வளவு இறுக்கமாக இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். மறுபுறம், குடும்பமே அடித்தளம் என்று எழுதிவைத்த சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023ல் 0.97க்கு வந்துவிட்டது.

1994ல் மைக்கல் ஃபே விவகாரம் வெடித்தது. கார்களுக்குச் சாயம் பூசிய 18 வயது அமெரிக்க இளைஞனுக்கு ஆறு பிரம்படி விதிக்கப்பட்டு, அதிபர் கிளிண்டன் கேட்டுக்கொண்டபின் நான்காகக் குறைக்கப்பட்டு, மே 5ஆம் தேதி நிறைவேற்றப்பட்டது. அமெரிக்கப் பத்திரிகைகள் கொதித்தன. அவற்றின் வாசகர்கள் பலர், நல்ல வேலை செய்தீர்கள் என்று சிங்கப்பூருக்கே கடிதம் எழுதினார்கள். அந்தத் தண்டனைக்கு வழிசெய்த 1966 சட்டம் எந்தச் சூழலில் பிறந்தது என்பது வேடிக்கையான செய்தி. அப்போது சுவர்களில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பாரிசான் சோசலிஸ் கட்சியினர். வியட்நாமில் அமெரிக்கா நடத்திய போரைக் கண்டிக்கும் முழக்கங்களும் அவற்றில் இருந்தன.

அதே ஆண்டு அக்டோபரில் சண்டை கென்ட் ரிட்ஜுக்குள் நுழைந்தது. நம் பல்கலைக்கழகத்தில் வருகைதரு ஆய்வாளராக இருந்த அமெரிக்கப் பொருளியலாளர் கிறிஸ்டஃபர் லிங்கிள், மஹ்புபானியின் ஒரு கட்டுரைக்கு மறுப்பாக 'இன்டர்நேஷனல் ஹெரால்டு டிரிபியூனில்' எழுதினார். சொன்னபடி கேட்கும் நீதித்துறையைக் கொண்டு எதிர்க்கட்சியினரை ஓட்டாண்டியாக்கும் ஆசிய அரசுகள் என்று பெயர் குறிப்பிடாமல் ஒரு வரி அதில் இருந்தது. காவல்துறையினர் அவரை விசாரித்தனர். அவர் நாட்டைவிட்டுப் போனார். 1995 ஜனவரியில் நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. லிங்கிள் இடதுசாரி அல்லர், தடையற்ற சந்தையின் ஆதரவாளர். அவர் போன பிறகு இங்கே தங்கிய விரிவுரையாளர்கள் எதை எழுதலாம் எதை விடலாம் என்று தங்களுக்குள் வகுத்துக்கொண்ட எல்லைகள் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அவற்றின் நீளத்தை அளப்பதும் கடினம்.

ஆசிய விழுமியங்களுக்குச் சிறந்த பதில் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. பிற்காலத்தில் தென்கொரிய அதிபரான கிம் டே-ஜுங், அதே இதழில் 1994 முடிவில், கொடுங்கோல் மன்னனை மக்கள் நீக்கலாம் என்று மென்சியஸ் சொன்னதை நினைவூட்டினார். அமர்த்தியா சென் 1997ல் அசோகரையும் அக்பரையும் எடுத்துக்காட்டி, சகிப்புத்தன்மையும் கருத்துரிமையும் மேற்குக்கு மட்டும் சொந்தமானவை அல்ல என்றார். நம் பக்கத்திலிருந்து யாராவது எழுதியிருந்தால் சான்றுக்குப் பஞ்சம் இருந்திராது. தவறும்போது இடித்துரைப்பவர் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் சொல்கிறார். பாண்டியன் அவையில் கண்ணகி நின்ற காட்சியை ஒருமித்த கருத்து என்னும் விழுமியத்திற்குள் எப்படி அடக்குவது?

யேல் கதையை இப்போது முடித்துவிடலாம். 2011ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2012 ஏப்ரல் 5ஆம் தேதி யேல் கல்லூரிப் பேராசிரியர்கள் 100க்கு 69 என்ற வாக்கில், சிங்கப்பூரில் குடியுரிமைகளும் அரசியல் உரிமைகளும் மதிக்கப்படாத வரலாறு குறித்துக் கவலை தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றினர். யேலின் தலைவர் ரிச்சர்ட் லெவின் அதை ஏற்கவில்லை. கல்லூரி 2013ல் 157 மாணவர்களோடு தொடங்கியது. உள்ளே படித்தவர்கள் பலர், வகுப்பில் தாங்கள் பேச அஞ்சியதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வளாகத்தைத் தாண்டினால் அதே பேச்சுக்கு வேறு சட்டம். 2019 செப்டம்பரில் நாடகாசிரியர் அல்ஃபியான் சாஅட் நடத்தவிருந்த, சிங்கப்பூரில் மாற்றுக்கருத்து பற்றிய ஒரு வாரப் பயிற்சி, தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது ரத்தானது. யேல் நடத்திய விசாரணை, கல்விச் சுதந்திரம் மீறப்படவில்லை என்றது. கல்வி அமைச்சராக இருந்த ஓங் யி காங் நாடாளுமன்றத்தில் அல்ஃபியானின் பழைய கவிதை ஒன்றிலிருந்து வரிகளை வாசித்துக்காட்டி, கல்வி நிலையம் கட்சி அரசியலுக்கு மேடையாகக் கூடாது என்று வாதிட்டார். பேராசிரியர்கள் வகுப்பறையை அரசியலாக்குகிறார்கள் என்பது 1951ல் பக்லியின் வாதமும் அல்லவா? ஆனால் பக்லி பட்டம் பெற்ற மறு ஆண்டே தன் பல்கலைக்கழகத்தை எதிர்த்து நூல் போட முடிந்தது.

2021 ஆகஸ்ட் 27ஆம் தேதி கல்லூரி மூடப்படும் அறிவிப்பு வந்தது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அது இடிபோல் இறங்கியது. எதிர்பார்த்த நன்கொடை சேரவில்லை, கூடுதல் மாணவர்களுக்கு இத்தகைய கல்வி கிடைக்க வேண்டும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். யேல் தரப்பு தொடரவே விரும்பியதாகச் சொன்னது. 2025ல் கடைசி அணி பட்டம் பெற்றது. அந்த மே மாதம் கல்லூரி நூலகத்தின் புத்தகங்கள் சில நூறு மறுசுழற்சிக்கு அனுப்பப்பட்ட செய்தி பரவி, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. கல்லூரி மூடப்பட்டதற்குக் கருத்து வேறுபாடு காரணமா, கணக்கு வழக்கு காரணமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அரசு சொன்ன காரணங்கள் பொய் என்று காட்ட யாரிடமும் சான்று இல்லை. ஆனால் மாணவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்பதில் ஐயமே இல்லை.

இதெல்லாம் தமிழ் மாணவர்களுக்கு எட்டத்தில் நடக்கும் சண்டையாகத் தோன்றலாம். 2019 ஜூலையில் அது நம் வாசலுக்கே வந்தது. மின்னணுக் கட்டண விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கருமையாக்கிக்கொண்டு 'கே. முத்துசாமி' என்ற பெயரட்டையோடு தோன்றினார். அதைச் சாடி அண்ணனும் தங்கையுமான இருவர் வசைச்சொற்கள் கலந்த ஒரு ராப் காணொளி வெளியிட்டனர். விளம்பரம் விதிகளை மீறவில்லை என்று சொல்லப்பட்டது. காணொளி செய்தவர்களுக்குக் காவல்துறை நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை தந்தது. அப்போதும் பிறகும் எழுந்த விவாதங்களில் நம் மாணவர்களிடையே சீனர் சலுகை என்ற சொல் அதிகம் புழங்கியது. அது வெள்ளையர் சலுகை என்ற அமெரிக்கச் சொல்லின் பேரப்பிள்ளை. அமெரிக்காவில் அச்சொல்லைப் பரவலாக்கியது வெல்ஸ்லி கல்லூரியின் பெகி மெக்கின்டாஷ் 1988ல் எழுதிய கட்டுரை. 2021 ஆகஸ்ட்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், சிங்கப்பூரில் சீனர் சலுகை இருக்கிறது என்பதற்கு அடிப்படையே இல்லை என்றார். பெரும்பான்மைச் சீனர்கள் தங்கள் மொழியை விட்டு ஆங்கிலத்தைப் பொதுமொழியாக ஏற்றது அவர் காட்டிய சான்று. அவ்வாண்டு நவம்பரில், அப்போது நிதி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், அமெரிக்காவைப் பிளக்கும் அடையாள அரசியல் இங்கும் வேர்விடக்கூடாது என்ற பொருளில் நீண்ட உரை ஆற்றினார்.

என் எண்ணத்தில், இறக்குமதிச் சொல் என்ற குறையில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்கச் சொல்லுக்குப் பின்னால் அடிமை வணிகம் இருக்கிறது. கறுப்பர் தனித்துவைப்புச் சட்டங்கள் இருக்கின்றன. நம் தாத்தாக்கள் ரப்பர் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் வந்த கதை வேறு. சீனத் தாத்தாவும் கூலியாகத்தான் வந்தார். சொல்லை அப்படியே ஒட்டினால் அந்த வேறுபாடு அழிந்துபோகும். ஆனால் வாடகை வீட்டு விளம்பரத்தில் இந்தியர் வேண்டா என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த மாணவனுக்கு அதைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருக்கிறது. பிரதமரும் அதே உரையில், வீடு வாடகைக்கு எடுப்பதிலும் வேலை தேடுவதிலும் சிறுபான்மையினர் கூடுதல் சிரமப்படுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். நிகழ்வை ஏற்றுப் பெயரை மறுத்தால், நிகழ்வைப் பற்றிப் பேசுவதே சிரமமாகிவிடும். 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டமும் பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நிறைவேறின. முதலாவதின் கீழ் வேலையிடத்தில் இனத்தால் ஒதுக்கப்பட்டவர் முறையிட வழி பிறக்கிறது. இரண்டாவது, பேச்சு எல்லை மீறினால் அரசு தடுக்க வழிசெய்கிறது. வீட்டு உரிமையாளரின் விளம்பரம் இரண்டிற்கும் நடுவே எங்கோ நிற்கிறது.

இதற்கிடையே அமெரிக்காவில் பழமைவாத விமர்சனம் நூல்களையும் வானொலியையும் கடந்து ஆட்சியின் கைக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் மூவர் காங்கிரஸ் குழுவின் முன் விசாரிக்கப்பட்டனர். அடுத்த சில வாரங்களில் அவர்களுள் இருவர் பதவி விலகினர். 2025 மார்ச்சில் கொலம்பியாவின் 400 மில்லியன் டாலர் மானியம் ரத்தானது. ஏப்ரலில் ஹார்வர்டின் 2.2 பில்லியன் டாலருக்கு மேல் முடக்கப்பட்டது. மே மாதம் ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையையே பறிக்க அரசு முயன்றபோது அங்கிருந்த சிங்கப்பூர் மாணவர்களும் கலங்கிப்போனார்கள். நீதிமன்றம் அதைத் தடுத்தது. செப்டம்பரில் மானிய முடக்கமும் சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. ஜூலையில் பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கிய 1.1 பில்லியன் டாலரை அமெரிக்கக் காங்கிரஸ் திரும்பப் பெற்றது. இதழைத் தடைசெய்யாமல் வருமானத்தை மட்டும் குறைக்கும் 1986ஆம் ஆண்டு உத்தியை இதில் அடையாளம் காணச் சிங்கப்பூர் வாசகருக்கு அதிக நேரம் பிடிக்காது.

ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். ஹார்வர்டு அரசை எதிர்த்து வழக்குத் தொடுத்து முதல் சுற்றில் வென்றது. அதன் கையிருப்பு அறக்கட்டளை நிதி 50 பில்லியன் டாலருக்கு மேல். அப்படியொரு நிதியோ, அப்படி வழக்காடும் வழக்கமோ இங்கே எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. எனவே ஹார்வர்டில் பேராசிரியர் ஒருவர் இடதுபக்கம் அதிகம் சாய்கிறார் என்று குறை சொல்வதும், கென்ட் ரிட்ஜில் அதையே சொல்வதும் ஒரே எடையுள்ள சொற்கள் அல்ல. அங்கே அது ஒரு வாதம், மறுவாதம் உடனே வரும். இங்கே அந்த விரிவுரையாளர் ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.